நெல்லைப் பொட்டலில் மரங்கள் ஏன் தள்ளித் தள்ளி நிற்கின்றன? அந்த இடைவெளியை ஏன் நிரப்பக் கூடாது?

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகிற வழியில் ஆழ்வார்திருநகரி தாண்டும் வரை கண்ணுக்கு எட்டிய தூரம் வாழையும் நெல்லும்தான். அங்கிருந்து தெற்கே சாத்தான்குளம் பக்கம் வண்டியைத் திருப்பினால் கொஞ்ச நேரத்திலேயே காட்சி அடியோடு மாறிவிடும். செக்கச்செவேல் என்று மண். குடை விரித்த மாதிரி தட்டையான உச்சியோடு உடைமரங்கள். இடையிடையே பனை. அதற்கும் இடையில் ஒன்றுமே இல்லாத வெறும் தரை.

"அது சும்மா கிடக்குற பொட்டல்" என்று கடந்து போய்விடுவோம். அரசுக் கணக்கிலும் இந்த மாதிரி நிலத்தில் பெரும்பகுதிக்குத் 'தரிசு' என்றுதான் பெயர். சும்மா கிடக்கிற இடத்தில் மரக்கன்று நடலாம், சோலார் பேனல் போடலாம், பிளாட் போடலாம் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை.

ஆனால், உலகம் முழுக்க வறண்ட நிலங்களை ஆராய்ந்தவர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் கண்டுபிடித்த விஷயம் வேறு. செடிக்கும் செடிக்கும் நடுவில் இருக்கும் அந்த வெறும் தரைதான் செடியை உயிரோடு வைத்திருக்கிறது. அதை நிரப்பினால் பசுமை கூடும் என்பது கணக்குத் தப்பு. பல இடங்களில் இருக்கிற பசுமையும் போய்விடும்.

அது எப்படி? தாமிரபரணிப் பள்ளத்தாக்கை வைத்தே பார்க்கலாம்.

ஒரே ஆறு, இரண்டு உலகம்

போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் காட்சிக்கு மாற்றுங்கள். மேற்கே பொதிகை மலை கரும்பச்சையாகத் தெரியும். பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னக்காயலில் கடலைத் தொடும் வரை ஒரு பச்சை நாடா மாதிரி ஓடும். கோடைமேலழகியான் அணைக்கட்டில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை வரிசையாக உள்ள எட்டு அணைக்கட்டுகளும், அவற்றில் இருந்து பிரியும் கால்வாய்களும்தான் அந்த நாடாவை அகலப்படுத்தியிருக்கின்றன.

நாடாவுக்கு வெளியே பாருங்கள். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம், வடக்கே ஓட்டப்பிடாரம் வரை பழுப்பும் சிவப்பும்தான். ஆறு ஓடும் பள்ளத்தாக்கிலேயே இப்படி ஒரு வறட்சியா என்று தோன்றும். காரணம், மலை.

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலை எஸ்டேட் பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அங்கிருந்து கிழக்கே இறங்கினால் பாளையங்கோட்டையில் சுமார் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழை. மீதி மாதங்களில் வெயில், அதோடு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து மண்ணையே கிளப்பிக்கொண்டு போகும் காற்று.

இந்த நிலத்துக்கென்றே ஒரு காடு உண்டு. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-ல் வெளியான சாம்பியன் - சேத் பட்டியலில் 'கர்நாடகக் குடைவேலங்காடு' என்று தனி வகையே இருக்கிறது. அங்கே 'கர்நாடகம்' என்றால் பக்கத்து மாநிலம் இல்லை; பழைய கர்நாடகச் சமவெளி, அதாவது நம்ம ஊர்ப்பக்கம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் குடைவேலம்தான் அந்தக் காட்டின் முதன்மை மரம். நெல்லைக்காரர்கள் வாயில் அது 'உடைமரம்'. அது கூட்டமாக நின்றால் 'உடங்காடு'.

மேப்பில் அந்த உடங்காட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். யாரும் அளந்து நட்டதில்லை. ஆனாலும் பல இடங்களில் மரங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நெருக்காமல், ஓரளவு தூரம் விட்டு நிற்கும். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது யார்?

கிட்டத்தில் உதவி, தூரத்தில் போட்டி

ஒரு வெறும் தரையில் மழை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். துளிகள் வேகமாக மோதும்போது மண்ணின் நுண்துகள்கள் சிதறி, மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்னத் துளைகளை அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் அது மெல்லிய ஓடு மாதிரி இறுகிவிடும். அடுத்த மழையின்போது தண்ணீர் உள்ளே இறங்க வழி இல்லாமல் மேலாகவே ஓடும்.

அதே இடத்தில் ஒரு உடைமரக் கன்று எப்படியோ பிழைத்துக்கொண்டது என்றால் கதை மாறும். வேர் மண்ணைப் பிளக்கிறது. உதிர்ந்த இலை துளிகளின் வேகத்தைத் தடுக்கிறது. நிழலைத் தேடி எறும்பும் கறையானும் வந்து மண்ணைத் துளைக்கின்றன. காற்றில் வரும் தூசியும் விதையும் அடியில் தங்குகின்றன. இப்போது அந்தச் செடியடி மண், பக்கத்து வெறும் தரையை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். சுற்றிலும் உள்ள கெட்டித் தரையில் இருந்து ஓடிவரும் மழைநீரும் அங்கேதான் இறங்கும். அதாவது, வானத்தில் இருந்து தன் தலையில் விழும் மழையை மட்டும் நம்பி அந்த மரம் இல்லை. தன்னைச் சுற்றியுள்ள வெறும் தரையில் விழுந்த மழையும் அதன் கணக்கில் சேர்கிறது.

இதனால் இரண்டு விளைவுகள். மரத்துக்கு மிக அருகில் முளைக்கும் புல்லுக்கும் செடிக்கும் ஈரமும் நிழலும் கிடைப்பதால் அவை பிழைக்கும். கொஞ்சம் தள்ளி முளைத்தால் பிழைக்காது. அங்கே தரை கெட்டி, வந்த தண்ணீரையும் அந்த மரமே இழுத்துவிட்டது. இன்னும் நல்ல தூரம் போனால், இந்த மரத்தின் பிடி எட்டாத இடத்தில், இன்னொரு மரம் தனக்கென்று ஒரு வெறும் தரையோடு நிற்கலாம்.

கிட்டத்தில் உதவி, தூரத்தில் போட்டி. இந்த ஒரு விதி போதும். மேலிருந்து யாரும் திட்டம் போடாமலே நிலத்தில் ஓர் ஒழுங்கு பிறந்துவிடும்.

சிறுத்தைப் புள்ளியும் சோமாலியாவின் வரியும்

இந்த விதியை முதலில் கணக்காக எழுதியவர் செடிகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், 1952-ல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் உயிரினங்களின் உடலில் புள்ளியும் வரியும் எப்படித் தோன்றலாம் என்று விளக்கினார். ஒன்றை ஒன்று பாதிக்கும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், ஒரே சீராக இருந்த பரப்பு தானாகவே புள்ளிகளாகப் பிரியும் என்பது அவர் கண்ட சூத்திரம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1950-ல், பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் விமானப் படங்களில் தெரிந்த விசித்திரமான செடி வளைவுகளைப் பற்றி மெக்ஃபேடியன் என்ற புவியியலாளர் எழுதினார். தரையில் நின்று பார்த்தால் அது சாதாரணப் புதர்க்காடு. மேலிருந்து பார்த்தால் புலித்தோல். ஒரு பட்டை புதர், ஒரு பட்டை வெறும் தரை, மறுபடி புதர். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரிலும் இதே காட்சி உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்குப் 'புலிப்புதர்' என்றே பெயர் வைத்தார்கள்.

1999-ல் சூழலியலாளர் கிறிஸ்டோபர் கிளவ்ஸ்மயர் இரண்டே சமன்பாடுகளில் இதைப் போட்டுக் காட்டினார். ஒன்று தண்ணீருக்கு, இன்னொன்று செடிக்கு. நிலம் மிக லேசாகச் சரிந்திருந்தால் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும். அப்போது சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகச் செடிகள் நிற்கும். ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலே உள்ள வெறும் தரையில் இருந்து வழிந்து வரும் நீரைத் தடுத்துக் குடிக்கும்.

சமதரையில் இன்னொரு வரிசை உண்டு. மழை ஓரளவு இருந்தால், பச்சைப் போர்வையில் ஓட்டை விழுந்த மாதிரி வெறும் வட்டங்கள் தெரியும். மழை குறையக் குறைய அந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோலத்துச் சிக்கு மாதிரி ஆகும். இன்னும் குறைந்தால் தனித்தனிப் புள்ளிகள். அதற்கும் கீழே, வெறும் மண். சொல்லப்போனால், ஒரு வறண்ட நிலத்தின் கோலத்தைப் பார்த்தே அதற்கு எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று கணிக்கலாம்.

எல்லாமே தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நமீபியாவின் புல்வெளிகளில் உள்ள 'தேவதை வட்டங்கள்' கறையானால் வந்தவையா, தண்ணீர்ப் போட்டியால் வந்தவையா என்று பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே அந்த வட்டங்களை உருவாக்கலாம் என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் செடியும் தண்ணீரும் ஒன்றை ஒன்று வடிவமைக்கின்றன என்ற அடிப்படையில் பெரிய சண்டை இல்லை.

நெல்லையில் புலி வரி ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. மேப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் ராதாபுரத்தில் சோமாலியா மாதிரி அச்சு அசலான வரி தெரியாது.

முதல் காரணம் மழை. இப்படிப்பட்ட கோலங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 50 முதல் 750 மில்லிமீட்டர் வரை மழை பெறும் இடங்களில் பதிவாகியுள்ளன. நெல்லைச் சமவெளி அந்த எல்லையின் மேல் விளிம்பில் இருக்கிறது. இரண்டாவது காரணம் மனிதர்கள். உழவு, வெள்ளாடு, விறகு, வேலி, சாலை என்று நூற்றாண்டுகளாக மனிதக் கை படாத ஒரு ஏக்கர் இங்கே கிடைப்பது கஷ்டம். மூன்றாவது, மண்ணே இடத்துக்கு இடம் மாறுகிறது. நாங்குநேரிப் பக்கம் பாறை கலந்த சரளை, ஓட்டப்பிடாரத்தில் கரிசல், சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கம் தேரி.

கோலம் அழிந்தாலும் விதி அழியவில்லை. சரளைத் தரையில் மழை மேலாக ஓடி மரத்தடியில் இறங்குவதை எந்த நவம்பரிலும் நேரில் பார்க்கலாம்.

தேரியில் அதே விதி வேறு வழியில் வேலை செய்கிறது. காற்று கொண்டு வந்து குவித்த மணல் மேடுகள்தான் தேரி. மணல்துகள்கள் மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். இங்கே மழை மேலாக ஓடுவதே அரிது. விழுந்ததும் உள்ளே போய்விடும். அதனால் போட்டி தரைக்கு மேலே நடக்காமல், அடியில் வேர்களுக்கு இடையே நடக்கிறது. ஒரு பனையின் தலை சின்னதாகத் தெரிந்தாலும் மணலுக்கு அடியில் அதன் நார்வேர்கள் சுற்றிலும் பரந்து கிடக்கின்றன. மேலே தெரிகிற 'வெற்றிடம்' கீழே ஏற்கெனவே ஆக்கிரமிக்கப்பட்ட இடம்.

தேரி குடித்த மழை வீணாவதும் இல்லை. மெதுவாகக் கசிந்து, மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வான இடங்களில் ஊறி நிற்கும். அதைத்தான் இந்தப் பக்கம் 'தருவை' என்கிறார்கள். புத்தன்தருவை, வைரவன்தருவை என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. பொட்டலாகத் தெரியும் மணல்மேடு, உண்மையில் பக்கத்து ஊர்க் கிணறுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி.

நம் முன்னோர் போட்ட வரி

செடிகள் போட்ட வரியை நெல்லையில் தேடினால் கிடைக்காது. மனிதர்கள் போட்ட வரி கிடைக்கும்.

மறுபடி மேப்பைத் திறந்து, நாங்குநேரி, ராதாபுரம் வட்டங்களில் ஆற்றுப் பாசனம் எட்டாத பகுதிகளைப் பாருங்கள். லேசான சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரைகள், ஒன்றுக்குக் கீழே இன்னொன்றாக. மேலே புதரும் பொட்டலுமாக ஒரு நீர்வரத்துப் பகுதி. அதில் வழியும் மழையைப் பிடிக்க ஒரு குளம். குளத்துக்குக் கீழே மட்டும் ஒரு கீற்றுப் பச்சை. அந்தக் குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. இவற்றில் மானாவாரிக் குளங்களுக்கு ஆறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. மேலே உள்ள பொட்டல்தான் எல்லாம்.

மழை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தால் எந்தப் பயிரும் விளையாது. பெரிய பரப்பில் விழுவதைச் சின்னப் பரப்பில் சேர்த்தால்தான் விளையும். உடைமரத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கைத்தான் கரை போட்டவர்களும் பிடித்தார்கள். பத்து ஏக்கர் வெறுமையாக இருந்தால்தான் ஒரு ஏக்கர் பச்சையாக இருக்க முடியும் என்பது போன்ற ஒரு விகிதம். அந்தப் பத்து ஏக்கரைத் 'தரிசு' என்று எழுதிய பேனா, கீழே உள்ள வயலின் தண்ணீரையும் சேர்த்துத்தான் அடித்துவிட்டது.

எங்கே தப்பு நடக்கிறது?

மத்திய அரசின் நிலவள இலாகா வெளியிடும் தேசியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் 'அடர்ந்த புதர் நிலம்', 'திறந்த புதர் நிலம்', 'மணற்பரப்பு' ஆகியவை தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. அந்தப் பட்டியலில் ஓர் இடம் சேர்ந்துவிட்டால், அதில் எதைக் கொண்டு வந்தாலும் 'முன்னேற்றம்'தான். இழந்தது என்ன என்று யாரும் கணக்கு கேட்க மாட்டார்கள்.

முதலில் மரம் நடுவதை எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு நல்லதுதான். ஆனால் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி எண்ணிக்கை ஓடினால் ஆபத்து. புதர் நிலத்தில் வரிசையாகக் குழி தோண்டி நெருக்கமாக நட்டால், இரண்டு கோடையில் பாதி கருகும். பிழைத்தவை பக்கத்தில் இருந்த உடைமரத்தின் தண்ணீரைப் பங்கு போடும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். காய்ந்து போன பழைய மரம் எந்த அறிக்கையிலும் வராது.

சீமைக் கருவேலம் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்றுக் கொடுத்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விறகுக்காகவும்தான் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து அதன் விதை இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. பசுமை வந்தது. கூடவே இடைவெளியும் போனது. குளத்துக்குள், வாய்க்காலுக்குள், மேய்ச்சல் தரையில் எல்லாம் அது நெருங்கி நிறைந்தது. ஆழமாக வேர் விட்டு அடிநீரை எடுத்துக்கொள்வதால், தள்ளி நிற்கும் விதிக்கு அது கட்டுப்படவில்லை. அதே மரம்தான் கரிமூட்டம் போடும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறும் போடுகிறது என்பதையும் மறக்க முடியாது.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்துத் தென் மாவட்டங்களில் ஜே.சி.பி-கள் இறங்கி அதைப் பிடுங்கின. அதே ஆண்டு நீதிமன்றமே அந்தப் பணியை நிறுத்தி வைத்தது. அந்த அவசரத்தில் ஒரு விஷயம் தெளிவானது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி மண்ணைத் திறந்து போட்டால், அடுத்த மழையில் ஓடு கட்டி, அதன் மேல் மறுபடி அதே சீமைக் கருவேலம்தான் முதலில் முளைக்கும். எடுப்பது பாதி வேலை. அந்த இடத்தில் உடையையும் பனையையும் புல்லையும் திரும்ப உட்கார வைப்பதுதான் மீதி.

அடுத்தது சமன்படுத்துவது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. தென் மாவட்டங்களின் வெயிலை மின்சாரமாக்க வேண்டியது அவசியம். நிலக்கரிக்கு மாற்று வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு புதர் நிலத்தைச் சமன் செய்யும்போது தண்ணீர் ஓடும் வழியும் சேர்ந்து அழிகிறது. கீழே ஒரு மானாவாரிக் குளம் இருந்தால், அதன் குழாயை மேலேயே மூடிவிட்டதாகத்தான் அர்த்தம். எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் முன் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்பதுதான் விஷயம்.

மிருகங்களுக்கும் இந்த இடைவெளி தேவை. நெல்லை - தூத்துக்குடி சாலையோரம் உள்ள வல்லநாடு சரணாலயம் வெளிமான்களுக்காக 1987-ல் அறிவிக்கப்பட்டது. பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கும் மிருகம் அது. அங்கே வெளியை அடைத்தால் மானுக்கு வீடு இல்லை.

போனால் திரும்பி வருமா?

இதில் பயமுறுத்தும் பகுதி இதுதான்.

வறண்ட நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகி, மழை கூடினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்று நினைக்கிறோம். 2004-ல் மேக்ஸ் ரீட்கர்க் தலைமையிலான ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது வேறு. புள்ளிகளாக நிற்கும் காடு வறட்சியை நீண்ட நாள் தாங்கும். ஒரு கட்டம் தாண்டினால் மொத்தமாகச் சரிந்துவிடும். அதன் பிறகு பழைய அளவு மழை திரும்பப் பெய்தாலும் காடு திரும்பாது. ஏன் என்றால், தண்ணீரை உள்ளே இறக்க மரத்தடி வேண்டும். மரம் முளைக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எதை முதலில் தொடங்குவது?

முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து நிலை கெட்டால் பாலை ஆகும் என்று பழைய தமிழ் மரபு சொல்கிறது. பாலைக்கென்று தனி மண் கிடையாது. அது ஒரு நிலம் வந்து சேரும் நிலை. இன்றைய சூழலியல் அதோடு ஒரு வரி சேர்க்கிறது: போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் ஒன்று இல்லை.

மழையும் முன்பு மாதிரி இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷத்து மழையை விட அதிகம், ஒரே நாளில். குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் தனித்தீவானது. அப்படி ஒரு மழையை எந்தப் புதரும் தடுத்து நிறுத்தாது. ஆனால் வருஷத்தின் மழை ஒன்றிரண்டு கொட்டலில் வந்து போகும் காலத்தில், ஓடுகிற தண்ணீரை வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் நிலம் முன்பை விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

என்ன செய்யலாம்?

தண்ணீரைக் கொண்டு வந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். தாமிரபரணியில் கடலுக்குப் போகும் வெள்ள உபரியைக் கன்னடியன் அணைக்கட்டில் இருந்து சாத்தான்குளம் பக்கம் எம்.எல். தேரி வரை கொண்டு செல்லும் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புக் கால்வாய், 2009-ல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வறண்ட வட்டங்கள் பல வருஷம் காத்திருந்த திட்டம் அது. ஆனால் வெள்ளம் வரும் ஆண்டில்தான் உபரி வரும். மற்ற ஆண்டுகளில் அந்த ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்போவது மேலே உள்ள பொட்டலும் தேரியும்தான். கால்வாய்க்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பங்காவது அவற்றுக்கும் வேண்டும்.

முதல் வேலை, பெயரை மாற்றுவது. புதர் நிலத்தையும் தேரியையும் தரிசுப் பட்டியலில் இருந்து எடுத்து, 'நீர்வரத்து நிலம்' என்றோ 'புதர்க்காடு' என்றோ தனியாக எழுத வேண்டும். எந்தக் குளத்துக்கு எந்தப் பொட்டல் தண்ணீர் தருகிறது என்ற வரைபடம் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும். சோலார் வந்தாலும் பிளாட் வந்தாலும் அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகே அனுமதி.

இரண்டாவது, நடுவதென்றால் நிலம் போட்ட கோலத்தைப் பின்பற்றி நடுவது. நைஜரில் சரிவுக்குக் குறுக்கே அரைவட்டக் குழிகள் வெட்டி, குழிக்குள் மட்டும் நட்டு, மேலே உள்ள தரையை வெறுமையாக விடுகிறார்கள். பக்கத்து நாடான புர்கினா ஃபாஸோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, எருவிட்ட சிறு குழிகள் என்ற பழைய முறையைத் திருத்திப் பயன்படுத்தி, வறண்ட நிலத்தில் ஒரு காட்டையே உருவாக்கிக் காட்டினார். 2018-ல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. நெல்லைக்கு இது புதிதும் இல்லை. நம் குளக்கரையின் குட்டி வடிவம்தான் அந்த அரைவட்டக் குழி.

மூன்றாவது, கணக்கெடுப்பை மாற்றுவது. எத்தனை கன்று நட்டோம் என்பதை விட, மூன்று கோடை கழித்து எத்தனை நிற்கின்றன, பக்கத்தில் இருந்த பழைய மரங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்க வேண்டும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதைச் சாட்டிலைட் படங்களிலேயே கவனிக்கலாம். அது கூடிக்கொண்டே போனால், நிலம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்த நிலம் என்ன வேலை செய்கிறது என்று ஒரு முறை நின்று பார்க்கிற பொறுமை போதும். அடுத்த ஐப்பசியில் நாங்குநேரிப் பக்கம் போனால், மழை விட்டதும் பத்து நிமிஷம் வண்டியை ஓரம் கட்டுங்கள். சரளைத் தரையில் தண்ணீர் சின்னச் சின்ன ஓடையாக நகர்ந்து போகும். அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு உடைமரத்தடியில் நிற்கும். இல்லை என்றால் ஏதோ ஒரு ஊர்க் குளத்தில்.